சிறைச் சாப்ளின் சம்பள வழக்கு: பாகுபாடு உண்டு என்றும் சொல்லி, தோற்கடித்தது ஏன்?

கேள்வி: தேம்ஸ்கரை

சாப்ளின் என்றால் சிறையில் கைதிகளின் மதத் தேவைகளைக் கவனிக்கும் குரு. அப்படி ஒரு முஸ்லிம் சாப்ளினான நயீம் தொடுத்த சம்பள வழக்கில் 2017 ஏப்ரலில் பிரிட்டன் உச்ச நீதிமன்றம், முஸ்லிம் சிறைச் சாப்ளின்களுக்கு மறைமுகப் பாகுபாடு (எல்லோருக்கும் ஒரே விதி, ஆனால் ஒரு பிரிவினரைக் கூடுதலாகப் பாதிப்பது) நேர்ந்தது என்ற வாதத்தை ஏற்றது. ஆனாலும் அவர் தோற்றார். இது எப்படி? இன்னொன்று: இங்கிலாந்துச் சிறை ஒன்றில் செஷன் கணக்கில் (வந்துபோகும் அமர்வுக்கு ஏற்ப) மணிக்கூலி வாங்கும் இந்துச் சாப்ளின், அங்கேயே மாதச் சம்பளத்தில் இருக்கும் ஆங்கிலிக்கன் (இங்கிலாந்துத் திருச்சபை) சாப்ளினோடு தன்னை ஒப்பிட்டு வழக்குப் போட முடியுமா? எங்கிருந்து தொடங்குவது?

பதில்: மூன்றாம்படி

1952 சிறைச் சட்டத்தின் 7ஆம் பிரிவுப்படி ஒவ்வொரு சிறைக்கும் ஒரு சாப்ளின் கட்டாயம்; அவர் இங்கிலாந்துத் திருச்சபைக் குருவாக இருக்க வேண்டும். மற்றவர்களுக்கு 10ஆம் பிரிவு. அந்த மதக் கைதிகளின் எண்ணிக்கை போதுமானது என்று அமைச்சர் கருதினால் நியமிக்கலாம், அவ்வளவுதான்.

2002 வரை முஸ்லிம் கைதிகள் போதிய அளவில் இல்லை என்று சொல்லி, முஸ்லிம் சாப்ளின்களைச் செஷன் கணக்கில் மட்டுமே எடுத்தார்கள். நயீம் 2004இல்தான் சம்பளப் பட்டியலுக்குள் வந்தார். சம்பளமோ பணிக்காலத்தோடு ஏறுவது, உச்சப் படியைத் தொட 17 ஆண்டு. ஆக, கிறிஸ்தவச் சாப்ளின்களின் சராசரிச் சம்பளம் கூடுதலாகவே இருந்தது.

வேலைவாய்ப்பு மேல்முறையீட்டுத் தீர்ப்பாயம், 2002க்குப் பிறகு சேர்ந்தவர்களை மட்டும் ஒப்பிட வேண்டும், அப்படிப் பார்த்தால் வித்தியாசமே இல்லை என்றது. மேல்முறையீட்டு நீதிமன்றமோ, இந்த வித்தியாசத்துக்குக் காரணம் மதம் அல்ல, சேர்ந்த தேதி என்றது. உச்ச நீதிமன்றம் இரண்டையும் தள்ளியது. ஒரு விதி யாரையெல்லாம் தொடுகிறதோ அவர்கள் அனைவரும் ஒப்பீட்டுக்குள் வர வேண்டும்; அந்த விதி ஒரு பிரிவினரை ஏன் கூடுதலாக அழுத்துகிறது என்று வழக்காடுபவர் நிரூபிக்கத் தேவையில்லை. மறைமுகப் பாகுபாட்டு வழக்கு போடும் எல்லோருக்கும் இதில் லாபம். ஒருவருக்குத்தான் இல்லை, அவர் நயீம்!

காரணம், மறைமுகப் பாகுபாடு பற்றிய 2010 சமத்துவச் சட்டம் 19ஆம் பிரிவின் கடைசிப் படி: நியாயமான நோக்கம், அதற்கு அளவான வழி என்று முதலாளி காட்டிவிட்டால் அது சட்டமீறல் ஆகாது. சிறைத்துறை ஏற்கெனவே குறுகிய சம்பளப் படிநிலைக்கு மாறிக்கொண்டிருந்தது என்பதால், மாறும் காலத்துக்குப் பழைய முறை நியாயமே என்று முதல் தீர்ப்பாயம் முடிவெடுத்திருந்தது. அந்த முடிவைக் கலைக்க உச்ச நீதிமன்றம் காரணம் காணவில்லை.

பதில்: வெள்ளிக்கிழமை

தீர்ப்பு பற்றி மேலே சொன்னது சரி. ஆனால் கேள்வியில் இருப்பவருக்கு நயீம் வழக்கு பாதிதான் உதவும். மூன்று இடத்தில் வழுக்கும்.

அவர் யார் என்பது முதல் சிக்கல். சமத்துவச் சட்டத்தின் 83ஆம் பிரிவு, தானே நேரில் செய்ய ஒப்பந்தம் செய்த வேலையையும் உள்ளடக்கும்; ஆகவே செஷன் சாப்ளின் பெரும்பாலும் உள்ளே வந்துவிடுவார். ஒப்பந்தமே இல்லாத தன்னார்வலர் வரமாட்டார். அதை 2012இல் மிட் சசெக்ஸ் வழக்கில் உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது. பயணப்படி மட்டும் வாங்கிக்கொண்டு வாரவாரம் போகிறவர்கள் இதைக் கவனிக்க வேண்டும்.

இரண்டாவது, 'சமச் சம்பளம்' என்ற தலைப்பில் போடுவது. அந்த அத்தியாயம் ஆண்-பெண் வேறுபாட்டுக்கு மட்டும். மதத்துக்கு, வேலையில் பாகுபாடு பற்றிய 39ஆம் பிரிவைப் 13 (நேரடிப் பாகுபாடு) அல்லது 19ஆம் பிரிவோடு (மறைமுகப் பாகுபாடு) சேர்த்துப் போட வேண்டும்.

மூன்றாவது, எதை எதிர்ப்பது. 'எங்களுக்கு ஏன் முழுநேரம் தரவில்லை' என்றால், கைதிகள் எண்ணிக்கையைக் காட்டி எளிதாகத் தப்புவார்கள். அதை விட்டு மணிக்கூலி விகிதம், தயாரிப்பு நேரத்துக்குப் பணம், விடுப்பு, பயிற்சி, ஓய்வூதியம் என்று ஒவ்வொன்றாகக் கேளுங்கள். இவற்றில் சிலதுக்கு மதத்தையே தொடாமல் 2000ஆம் ஆண்டின் பகுதிநேரப் பணியாளர் விதிகள் போதும். ஒரு பொறி உண்டு: ஒப்பிடப்படுபவரும் அதே வகை ஒப்பந்தத்தில் இருக்க வேண்டும். அவர் 'எம்ப்ளாயி' (முழு ஊழியர்), நீங்கள் வெறும் 'வொர்க்கர்' (நேரில் வேலை செய்ய ஒப்பந்தம் உண்டு, ஆனால் முழு ஊழியர் அல்ல) என்றால் அந்தக் கதவு மூடிவிடும்.

பதில்: ஆவணக்காரர்

ஆதாரம் சேர்ப்பது பற்றி யாரும் சொல்லவில்லை. நீதி அமைச்சகத்துக்குத் தகவல் அறியும் சட்டத்தில் விண்ணப்பியுங்கள். 20 வேலை நாளில் பதில் தர வேண்டும். மதவாரியாகச் சாப்ளின்கள் எத்தனை பேர், ஒப்பந்த வகை, வாரமணி, சம்பள நிலை என்று கேளுங்கள். ஒரே சிறைக்குக் கேட்டால், ஆட்கள் அடையாளம் தெரியும் என்று எண்ணிக்கையை மறைத்துவிடுவார்கள். நாடு முழுதுக்கும் கேட்டால் அந்தச் சாக்கு பெரும்பாலும் எடுபடாது. சொந்தக் கோப்புக்குத் தரவுப் பாதுகாப்புச் சட்டத்தில் தனியாகக் கேட்க வேண்டும். அதற்கு ஒரு மாதம்.

நயீம் தோற்ற இடம் நியாயப்படுத்தல் என்பதால், அங்கேதான் உழைக்க வேண்டும். வேறு வழிகளை நிர்வாகம் எப்போது பரிசீலித்தது, எவ்வளவு செலவாகும் என்று கணக்கிட்டது, ஏன் விட்டது என்ற கூட்டக் குறிப்புகளைக் கேளுங்கள். 'செலவு' என்று மட்டும் சொன்னால் போதாது. ஆனால் 2020இல் ஹெஸ்கெட் வழக்கில், அரசின் சம்பளக் கட்டுப்பாட்டுக்குள் வரவை மீறாமல் நடத்துவது நியாயமான நோக்கமாகலாம் என்று மேல்முறையீட்டு நீதிமன்றம் ஏற்றது. இரண்டுக்கும் நடுவே உள்ள கோடு மெல்லியது.

கேள்வி: தேம்ஸ்கரை

நன்றி. 'மேனேஜிங் சாப்ளின்' (சிறையின் சாப்ளின் குழுவை நிர்வகிப்பவர்) பதவிக்குக் கிறிஸ்தவர் மட்டும் என்று விளம்பரம் வந்தால்?

பதில்: வெள்ளிக்கிழமை

அது 13ஆம் பிரிவின் நேரடிப் பாகுபாடு. 'அளவான வழி' என்ற பொது வாதம் அங்கே செல்லாது. 9ஆம் அட்டவணைப்படி அந்த வேலைக்கு அந்த மதம் உண்மையிலேயே தேவை என்று அவர்கள்தான் காட்ட வேண்டும். பூசை, திருப்பலி நடத்தும் பதவிக்குக் காட்டலாம். பணிப்பட்டியல், பட்ஜெட், ஆள் எடுப்பு என்று நிர்வாகம் மட்டும் செய்யும் பதவிக்குக் காட்டுவது கடினம். விளம்பரத்தையும் பணி விவரத்தையும் அன்றே சேமித்து வையுங்கள், பிறகு இணையத்திலிருந்து காணாமல் போகும்.

காலவரம்பு: நடந்த நாளிலிருந்து மூன்று மாதத்துக்கு ஒரு நாள் குறைவு. அதற்குள், வேலைத் தகராறுகளில் சமரசம் செய்யும் ஏகாஸ் (Acas) அமைப்பிடம் சமரச முயற்சிக்குப் பதிய வேண்டும், கட்டணம் இல்லை. அந்தச் சான்றிதழ் எண் இல்லாமல் தீர்ப்பாயம் மனுவை ஏற்காது. 2025ஆம் ஆண்டு வேலைவாய்ப்பு உரிமைச் சட்டம் வரம்பை ஆறு மாதமாக்க வழி செய்திருக்கிறது. உங்கள் சம்பவத்துக்கு அது பொருந்துமா என்று தேதியைச் சரிபார்க்காமல் நம்பாதீர்கள். நிர்வாகத்திடம் உள்ளேயே கொடுத்த புகார் இந்தக் காலவரம்புக் கடிகாரத்தை நிறுத்தாது. 'விசாரணை நடக்கிறது, பொறுங்கள்' என்று மேலாளர் சொன்னாலும் ஏகாஸில் பதிந்துவிடுங்கள்.