ரூம் மேட்டா இருந்தவனோட இப்ப முகம் பாத்துக் கதைக்கவே ஏலாமக் கிடக்கு, போர்டிங் மாறுறதா விடுறதா?

முல்லைப்பெடியன்:

எல்லாருக்கும் வணக்கம். நான் இஞ்ச வாசிச்சிட்டுப் போற ஆள், எழுதுறது குறைவு, ஆனா இதை நேரில ஆரிட்டயும் கேக்க ஏலாது, கேட்டா விடிய முதல் பச் (எங்களோட ஒரே வருசம் கம்பஸ் வந்த ஆக்கள்) முழுக்கப் பரவிடும்.

என்ர இடம் முல்லைத்தீவில புதுக்குடியிருப்புப் பக்கம். கிளிநொச்சி அறிவியல் நகர்ல இருக்கிற யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்தின்ர எஞ்சினியரிங் பீடத்தில இப்ப மூண்டாம் வருசம். முதல் வருசம் ஹொஸ்டல்ல எனக்கு ரூம் மேட்டா வந்தவன் யாழ்ப்பாணத்து வடமராட்சிப் பெடியன் ஒருத்தன். துவக்கத்தில பெரிசாக் கதை இல்லை, பேந்து ஒருநாள் இரவு கரண்ட் போய் நுளம்புக்குள்ள நித்திரை இல்லாமக் கிடந்து கதைக்கத் துவங்கினதுதான், அதோட ஒட்டியாச்சு. அவன்ர அம்மா பருத்தித்துறை வடையும் பனங்காய்ப் பணியாரமும் எனக்கெண்டு தனியாக் கட்டி விடுவா, எங்கட வீட்டில இருந்து பாலைப்பழ சீசனுக்குப் பழமும் மற்ற நேரம் தேனும் அவைக்குப் போகும். வற்றாப்பளை அம்மன் கோயில் பொங்கலுக்கு எங்கட வீட்டில வந்து நிண்டு எங்கட அம்மாவுக்குத் தேங்காய் திருவிக் குடுத்தவன். முறிகண்டியில இறங்கினா கச்சான் ஒரு சரைதான் வாங்குவம், ரெண்டு பேருக்கும் அது காணும்.

பிரச்சினை துவங்கினது பீல்ட் செலக்சனோட. தெரியாத ஆக்களுக்குச் சொல்லுறன், முதல்ல எல்லாருக்கும் ஒரே பாடங்கள், பேந்துதான் ஜிபிஏ (எல்லாப் பாடத்தின்ர சராசரிப் புள்ளி) வரிசைப்படி ஆர் சிவில், ஆர் கொம்பியூட்டர், ஆர் எலெக்ரிக்கல் எண்டு பிரிப்பினம், ஒவ்வொண்டுக்கும் இடம் மட்டு மட்டு. எங்க ரெண்டு பேருக்கும் கொம்பியூட்டர்தான் ஆசை. அந்த நேரம் சீனியர் ஒராள் பழைய எக்ஸாம் பேப்பர் கட்டொண்டு ஆரிட்டயோ குடுத்து விட்டவராம் எண்டு கதை வந்தது. இவனிட்டக் கேட்டன். எனக்கும் வரேல்ல மச்சான் எண்டான். எக்ஸாம் முடிஞ்சு ஒருநாள் கட்டிலை இழுத்துப்போட்டு அறை கூட்டேக்க பாத்தா கட்டு அவன்ர மெத்தைக்குக் கீழ கிடக்கு, மஞ்சள் ஹைலைட்டர் எல்லாம் அடிச்சு வடிவா. நான் ஒண்டும் கேக்கேல்ல. அப்பிடியே திருப்பி வச்சிட்டன்.

ரிசல்ட் வந்து அவனுக்குக் கொம்பியூட்டர் கிடைச்சிது, எனக்கு எலெக்ரிக்கல். சரி போகட்டும் எண்டு விட்டாலும், பேந்து பச் பெடியளோட நிண்டு அவன் சொன்னானாம், "அவன் முல்லைத்தீவுக் கோட்டாவில வந்தவன்தானே, எலெக்ரிக்கல் கிடைச்சதே பெரிய விசயம்" எண்டு. எனக்கு உடம்பெல்லாம் எரிஞ்சுது. நான் முதலாம் வகுப்புப் படிச்சது சண்டையில இடம்பெயர்ந்து போய் இருந்த செட்டிகுளம் முகாமில, கூடாரத்துக்குள்ள நிலத்தில இருந்து. அது அவனுக்குத் தெரியும். அந்தக் கரண்ட் போன இரவு நான்தான் சொன்னனான்.

இப்ப போர்டிங்கில நானும் அவனும் இன்னொரு பெடியனும். கதை இல்லை. சீனிப் போத்தல்ல மார்க்கரால பேர் எழுதி வச்சிருக்கிறான். இரவு நான் லைட்டை நிப்பாட்டினா அவன் போர்வைக்குள்ள போன் லைட்டில படிக்கிறான், நான் தண்ணி குடிக்க எழும்பினா டக்கெண்டு அணைக்கிறான். எனக்குக் குப்பி (பெடியளே பெடியளுக்குச் சொல்லிக் குடுக்கிற வகுப்பு) எடுக்கத் தெரியும் எண்டு ஜூனியர்ஸ் கேட்டு வந்தாங்கள், நான் சனிக்கிழமை வைக்க இவன் அதே சனிக்கிழமை அதே நேரம் வேற குப்பி போடுறான். மற்றப் பெடியன் நடுவில நிண்டு முழிக்கிறான், ஆரோட சாப்பிடப் போறதெண்டே அவனுக்குப் பயம்.

அட்வான்ஸ் குடுத்தாச்சு, செமஸ்டர் நடுவில. மாறுறதா, இல்லாட்டி இருந்து கதைச்சுத் தீக்கிறதா? அனுபவம் உள்ள ஆக்கள் சொல்லுங்கோ.

கச்சான்_சரை:

சீனிப் போத்தல்ல பேர் எழுதினாப் பிறகு அந்த வீட்டில என்ன மிச்சம் கிடக்கு. மாறும் ஐசே. அட்வான்ஸ் காசு போனாப் போகட்டும். உம்மட இடத்துக்கு வேற ஆளைப் பிடிச்சு விட்டா வீட்டுக்கார அன்ரி ஒண்டும் சொல்ல மாட்டா, அறிவியல் நகர்ப் பக்கம் போர்டிங்குக்கு ஆள் இல்லாமலே போகும்?

பம்பைமடு_அக்கா:

தம்பி, நான் வவுனியாவில படிச்சனான், நாங்க படிக்கேக்க அது யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்தின்ர வவுனியா வளாகம், 2021 ஓகஸ்டிலதான் தனிப் பல்கலைக்கழகமா வந்தது. உம்மட கதையை வாசிக்கேக்க எனக்கு எங்கட ஹொஸ்டல்தான் ஞாபகம் வந்தது. எங்கட பச்சில ரெண்டு பிள்ளையள், ஒரே அறை, ஒரே உடுப்பை மாறி மாறிப் போடுவினம், தலைக்கு எண்ணெய் வைக்கிறதும் ஒராளுக்கு ஒராள்தான். கடைசி வருசம் டிப்பார்ட்மென்ட்டில பட்டம் முடிக்கிற ஒராளைத் தற்காலிகமா எடுப்பினம் எண்டு கதை வந்தது, அவ்வளவுதான். ஒராள் நூலகத்தில புத்தகத்தை வேற ராக்கைக்குள்ள ஒளிச்சு வைக்க, மற்ற ஆள் சேர்ட்ட போய் ஒண்டுக்கு ரெண்டாச் சொல்ல, பட்டமளிப்பு அண்டைக்கு ஒரே படத்தில நிக்கக்கூட மாட்டன் எண்டிட்டாளவை. கடைசீல அந்த வேலைக்கு எடுத்தது வேற கம்பஸ்ல இருந்து வந்த ஒராளை. நாங்கள் சிரிக்கிறதா அழுகிறதா எண்டு தெரியாம நிண்டம்.

நான் ஏன் இதைச் சொல்லுறன் எண்டால், உந்த ஜிபிஏ எண்டது பாக்கப் பெரிய ஏணி மாதிரித் தெரியும், ஆனா பட்டத்தில எழுதுறது நாலைஞ்சு சொல்லுத்தான். 3.70க்கு மேல எண்டா முதல் வகுப்பு, 3.30க்கு மேல எண்டா இரண்டாம் வகுப்பு மேல்நிலை, 3.00க்கு மேல எண்டா கீழ்நிலை. 3.32 எடுத்தவனுக்கும் 3.68 எடுத்தவனுக்கும் சேர்ட்டிபிக்கட்டில ஒரே பேர்தான். நீர் அவனை முந்துறதை விட்டிட்டு உமக்கு மேல உள்ள கோட்டைப் பாரும், அதுக்கு எவ்வளவு வேணும், எந்த மொடியூல்ல ஏத்தலாம் எண்டு. அவன்ர மார்க்ஸ் உம்மட கோட்டை ஏத்தவும் மாட்டுது இறக்கவும் மாட்டுது.

இன்னொண்டு கேக்கிறன் குறை நினையாதையும். அவன் கொம்பியூட்டர், நீர் எலெக்ரிக்கல். இனி நீங்க ரெண்டு பேரும் போட்டி போடுறதெண்டா எதில? முக்கால்வாசிப் பேப்பர் வேற வேற, செய்யப்போற புரொஜெக்ட் வேற, தேடப்போற வேலையும் வேற. சண்டை பிடிக்கிற காணியே இல்லை, வேலி மட்டும் நிக்குது. போர்வைக்குள்ள லைட்டடிச்சுப் படிக்கிறவனைப் பாத்து உமக்கேன் எரிச்சல் வருது? படிச்சிட்டுப் போகட்டுமே.

போர்டிங் மாறுறது நல்லது. ஆனா எக்ஸாமுக்கு முதல் மாதம் மாறாதையும், சாமான் தூக்கிறதிலயும் அலைச்சல்லயும் ரெண்டு கிழமை அநியாயமாப் போகும். இப்பவே மாறும், இல்லாட்டி எண்ட் எக்ஸாம் முடியட்டும்.

கொடிகாமத்தான்:

நான் யாழ்ப்பாணப் பக்கம், அதாலதான் இதுக்குப் பதில் எழுதோணும் எண்டு வந்தனான். பேப்பர் கட்டை ஒளிச்சது சின்னத்தனம், ஆனா அதை நான் மன்னிப்பன், எக்ஸாம் நேரம் பயத்தில மனுசர் உப்பிடித்தான். கோட்டாக் கதை வேற.

உங்கட ரூம் மேட்டுக்குக் கணக்குத் தெரியேல்லப் போல. பல்கலைக்கழகத்துக்கு எடுக்கேக்க 40 வீதம் முழு இலங்கைக்கும் பொதுவான திறமை அடிப்படை, 55 வீதம் மாவட்டச் சனத்தொகைப்படி, மிச்சம் 5 வீதம் கல்வியில பின்தங்கின 16 மாவட்டத்துக்கு. அந்தப் 16க்குள்ள முல்லைத்தீவு கிளிநொச்சி வவுனியா மன்னார் இருக்குது சரி, யாழ்ப்பாணமும் அதுக்குள்ளதான் இருக்குது. கனபேருக்கு இது தெரியாது, தெரிஞ்சாலும் தெரியாத மாதிரி இருப்பினம். அவன் எந்த வழியால உள்ள வந்தவன் எண்டு கேட்டுப் பாரும், மாவட்ட அடிப்படையிலதான் வந்திருப்பான் எண்டு எனக்கொரு சந்தேகம், எங்கட ஆக்களிலயும் கனபேர் அப்பிடித்தான். எழுபதுகளில தரப்படுத்தல் (கம்பஸுக்கு எடுக்கேக்க மார்க்ஸைக் கூட்டிக் குறைச்ச முறை) எண்டு எங்கட அப்பாமார், பெரியப்பாமார் வயிறெரிஞ்சு கதைச்ச கதை கேட்டு வளந்த பெடியன், முகாமில படிச்சு ஏ எல் பாஸ் பண்ணி வந்தவனைப் பாத்துக் கோட்டா எண்டுறான் எண்டா, அவனுக்கு வீட்டில ஆரும் ஒழுங்கா ஒண்டும் சொல்லிக் குடுக்கேல்ல.

உள்ள வந்தாப் பிறகு எல்லாருக்கும் ஒரே பேப்பர், ஒரே திருத்தல். பீல்ட் செலக்சன்ல மாவட்டம் பாக்கிறேல்ல. எலெக்ரிக்கல் உமக்கு ஆரும் தந்ததில்லை, நீர் எடுத்தது.

ஆனா தம்பி ஒண்டு, "சொன்னானாம்" எண்டுதானே எழுதியிருக்கிறீர். காதால கேட்டனீரோ, இல்லாட்டி ஆரும் வந்து ஓதினதோ? பச்சுக்குள்ள மூட்டி விடுறதுக்கெண்டே நாலு பேர் இருப்பாங்கள். கேட்டிட்டு முடிவெடும்.

முல்லைப்பெடியன்:

கொடிகாமத்தான் அண்ணை, வொய்ஸ் மெசேஜ் இருக்குது. வேற குரூப்பில போட்டதை ஒருத்தன் எனக்கு அனுப்பினவன். அவன்ர குரல்தான், பின்னால எங்கட போர்டிங் ஃபானின்ர கறகறச் சத்தமும் கேக்குது, அப்ப எங்கட அறையில இருந்துதான் சொல்லியிருக்கிறான். யாழ்ப்பாணமும் அந்தப் 16க்குள்ள இருக்கெண்டது எனக்கு இண்டைக்குத்தான் தெரியும்.

அக்கா நீங்க கேட்டது சரிதான், பேப்பர் வேற. ஆனா பச் டொப் ஆரெண்டு எல்லாத் துறையையும் சேத்துத்தான் பெடியள் கதைக்கிறாங்கள், அதான்.

இன்னொரு சிக்கல், முதல்ல எழுதேல்ல. அவன்ர அம்மா இன்னும் எனக்குப் போன் எடுக்கிறா. அவன் போன் தூக்காட்டி எனக்குத்தான் அடிப்பா, "தம்பி அவன் சாப்பிட்டவனோ, காய்ச்சல் எண்டான் இப்ப எப்பிடி" எண்டு. நான் என்ன சொல்லுறது, ஓம் அம்மா சாப்பிட்டவன் எண்டு சொல்லிப்போட்டு வைக்கிறன். போன கிழமையும் பணியாரம் வந்தது, ரெண்டு பொதி, ஒண்டில என்ர பேர். அவன் அதை என்ர மேசையில வச்சிட்டு ஒண்டும் சொல்லாமப் போட்டான். அதைச் சாப்பிடுறதா விடுறதா எண்டுகூடத் தெரியேல்ல.

கச்சான்_சரை:

பணியாரத்தோட என்ன கோவம், சாப்பிடும்.

குளக்கட்டு:

இவ்வளவு நேரம் வாசிச்சிட்டு இருந்தனான். நான் உங்களை விட வயசில மூத்தவன், கம்பஸ் வாசல் மிதிக்காத ஆள், இரணைமடுக் குளத்துத் தண்ணியில வயல் செய்யிறன். எங்களுக்கும் உப்பிடி இருக்கு, சிறுபோகத்துக்கு, அதான் மழை குறைஞ்ச காலத்து விதைப்புக்கு, தண்ணி எல்லாக் காணிக்கும் காணாது, அந்தந்த வருசம் குளத்தில நிக்கிற தண்ணியைப் பாத்து ஆருக்கு எவ்வளவு ஏக்கர் எண்டு கூட்டம் வச்சுப் பிரிப்பினம். அந்தக் கூட்டத்துக்குப் போகேக்க அண்ணன் தம்பியா ஒரே மோட்டச்சைக்கிள்ல போனவங்கள் திரும்பி வரேக்க தனித்தனிய வந்ததை நான் கண்டிருக்கிறன். பங்கு குறைவா இருக்கிற இடத்தில மனுசன் மனுசனா இருக்கிறது கஷ்டம். அந்தப் பெடியன் கூடாதவன் எண்டு நான் சொல்ல மாட்டன், இடம் மட்டா இருந்தது, அவன் பயந்து போனான், பயந்தவன் பேந்து தான் செய்ததைச் சரியெண்டு காட்ட வாயில வந்ததெல்லாம் சொல்லுவான். கோட்டாக் கதை அப்பிடி வந்ததுதான் எண்டு நினைக்கிறன். அதுக்காக விடச் சொல்லேல்ல.

வொய்ஸ் மெசேஜை ஒருத்தருக்கும் திருப்பி அனுப்பாதையும். அது முக்கியம். அனுப்பினா பச் ரெண்டாப் பிரியும், பேந்து யாழ்ப்பாணம் வன்னி எண்டு ஒரு விசர்க் கதை துவங்கும், உங்கட ரெண்டு பேரின்ர பிரச்சினை ஊர்ப் பிரச்சினையாப் போயிரும். அவனை மட்டும் தனியக் கூப்பிட்டு, கத்தாமல், "நீ இதைச் சொன்னனி, நான் கேட்டனான்" எண்டு மட்டும் சொல்லும். பேப்பர் கட்டையும் சேத்துச் சொல்லும், அதை இவ்வளவு நாள் வயித்துக்குள்ள வச்சிருக்கிறது உமக்குத்தான் கூடாது. மன்னிப்புக் கேக்கிறானோ இல்லையோ அது அவன்ர பாடு.

பேந்து மாறும். எட்ட இருந்தா கிட்ட உறவு, கிட்ட இருந்தா முட்டப் பகை எண்டு எங்கட ஆச்சி சொல்லுவா. தாய் மனுசிக்கு ஒண்டும் சொல்லாதையும், போன் எடுத்தா கதையும். அது உமக்கும் அவவுக்கும் இடையில உள்ளது, அவனுக்கு அதில வேலை இல்லை.

பம்பைமடு_அக்கா:

குளக்கட்டு ஐயா சொல்லுறது சரி, ஆனா "பயந்து போனான்" எண்டு அவனுக்குச் சாட்டுச் சொல்லிக் குடுக்காதேங்கோ. பயந்த எல்லாரும் முகாமில இருந்தவனைப் பாத்து அப்பிடிக் கதைக்கிறேல்ல. தம்பியும்தானே பயந்தவர், அவர் ஆரின்ர பேப்பரையும் ஒளிக்கேல்ல.

மற்றது அந்தக் குப்பியைச் சனிக்கிழமையே வையும் தம்பி, நேரம் மாத்தாதையும். ஜூனியர் பிள்ளையள் விளங்கிற இடத்துக்கு வருவினம்.

முல்லைப்பெடியன்:

எல்லாருக்கும் நன்றி. மெசேஜை ஒருத்தருக்கும் அனுப்பேல்ல, அனுப்பவும் மாட்டன். வெள்ளிக்கிழமை மற்றப் பெடியன் ஊருக்குப் போறான், அண்டைக்கு இரவு அவனோட கதைக்கிறதெண்டு இருக்கிறன், கதைக்க வருவானோ தெரியேல்ல. எப்பிடியெண்டாலும் மாதம் முடிய மாறுறன், அன்ரியிட்டச் சொல்லியாச்சு, ஆள் பிடிச்சுத் தந்தா அட்வான்ஸ்ல என்ர பங்கைத் தாறன் எண்டிட்டா.

இஞ்ச ஆருக்கும் அறிவியல் நகருக்குச் சைக்கிள்ல வரக்கூடிய தூரத்தில அறை தெரியுமோ? ஒராளுக்குத்தான். சமைக்க விடோணும்.

கொடிகாமத்தான்:

முறிகண்டிப் பக்கம் எனக்குத் தெரிஞ்ச வீடு ஒண்டு இருக்கு, தனி அறை, வெளியால வாசல். சமைக்கலாம், ஆனா மாட்டிறைச்சி ஏலாது எண்டு வீட்டுக்காரர் முதல்லயே சொல்லிப்போடுவார். நம்பர் தனி மெசேஜ்ல போடுறன், பாரும்.