நீண்ட கியூ-டி என்னும் இதயத்துடிப்புக் கோளாறு உள்ள மகளுக்காக உதவி வேண்டுகிறேன்

குழுவினருக்கு வணக்கம். நாங்கள் தண்டையார்பேட்டையில் வசிக்கிறோம். 9 வயதான என் மகள் பள்ளியில் ஓடும்போது இருமுறை மயங்கி விழுந்தாள். அதை வலிப்பு என்று கருதி, ஒரு மருத்துவமனையில் எட்டு மாதங்கள் வலிப்பு மருந்து கொடுத்தார்கள். அன்றே ஓர் ஈசிஜி எடுத்திருக்கலாமே என்ற ஆதங்கம் எனக்கு இன்னும் தீரவில்லை.

பின்னர் எடுத்த ஈசிஜியில், துடிப்பின் வேகத்துக்கு ஏற்பத் திருத்திக் கணக்கிட்ட கியூ-டி இடைவெளி (இதயத்தின் கீழறைகள் மின்னளவில் தூண்டப்பட்டு மீள எடுக்கும் நேரம்) இயல்பைவிட நீண்டு, 500 மில்லிசெகண்டைத் தாண்டியிருந்தது. ஒவ்வொரு துடிப்புக்குப் பிறகும் இதயத் தசை மின்னளவில் மீள அதிக நேரம் எடுப்பதால், ஓட்டம், நீச்சல், திடீர் அதிர்ச்சி ஆகியவற்றின்போது கீழறைகள் தாறுமாறாகத் துடித்து, மூளைக்குப் போகும் இரத்தம் தடைபடக்கூடும் என்று மருத்துவர் விளக்கினார். இப்போது தினமும் மூன்று வேளை, இதயத் துடிப்பைக் கட்டுப்படுத்தும் புரோப்ரனலால் மாத்திரை கொடுக்கிறோம். ஒரு வேளையும் தவறக் கூடாது என்பதால், மதிய மாத்திரையோடு அவளுடைய ஆயாவே பள்ளிக்கு நடந்து போகிறார்.

தொற்றுக்குத் தரும் அசித்ரோமைசின், வாந்திக்குத் தரும் ஒன்டான்செட்ரான் போன்ற வழக்கமான மருந்துகள்கூட இக்கோளாறு உள்ளவர்களுக்கு ஆபத்தாகலாம். தெருமுனை கிளினிக்கில் காட்டுவதற்காக, தவிர்க்க வேண்டிய மருந்துகளின் பட்டியலைத் தமிழில் வைத்திருப்பவர்கள் பகிருங்கள். எங்கள் மருத்துவரிடம் சரிபார்த்த பிறகே பயன்படுத்துவேன். ராயபுரம் முதல் திருவொற்றியூர் வரை, ஆசிரியர்களுக்கு சிபிஆர் (மார்பை அழுத்தித் தரும் உயிர்காப்பு முதலுதவி) பயிற்சியும், இதயத்துக்கு மின்னதிர்ச்சி தரும் ஏஇடி கருவியைக் கையாளும் பயிற்சியும் அளிப்பவர்களைத் தெரிந்தால் சொல்லுங்கள்.

இது பெரும்பாலும், பெற்றோரில் ஒருவருக்கு இருந்தால் பிள்ளைக்கு வர 50 சதவீத வாய்ப்புள்ள மரபுக் கோளாறு என்பதால், அவளுடைய தம்பிக்கும் எங்கள் இருவருக்கும் அடுத்த வாரம் ஈசிஜி எடுக்கிறோம். மருந்து போதாவிட்டால் ஐசிடி (துடிப்பு தாறுமாறானால் தானாகவே மின்னதிர்ச்சி தரும், உடலுக்குள் வைக்கும் கருவி) பொருத்த வேண்டிவரலாம் என்கிறார்கள். அக்கருவியோடு வளரும் பிள்ளையின் பெற்றோர் யாரேனும் இங்கிருந்தால், தயவுசெய்து என்னிடம் தனிச்செய்தியில் பேசுங்கள்.