தீர்ப்பு வந்தபின் ஓட்டுச்சாவடியில் நீங்கள் பார்த்தது என்ன?

ஓவர்லாண்ட் பார்க், கான்சஸ்

2022 ஜூன் 24 அன்று அமெரிக்க உச்ச நீதிமன்றம், கருக்கலைப்பை நாடு முழுக்க உரிமையாக்கிய 1973-இன் ரோ தீர்ப்பை ரத்து செய்தது. கருக்கலைப்பு உரிமை இனி அந்தந்த மாநிலத்தின் பாடு என்று ஆனது. அதன்பின் முதன்முதலில் மக்களிடமே ஓட்டுக்கு விட்ட மாநிலம் எங்கள் கான்சஸ். ஆகஸ்ட் 2-ஆம் தேதி வாக்குப்பதிவு. இடையில் இருந்த அந்தச் சில வாரங்கள் வீடு வீடாகப் போய்ப் பேசினேன். அப்போது பார்த்ததை எழுதுகிறேன், மற்றவர்களும் உங்கள் ஊரில் பார்த்ததைச் சொல்லுங்கள்.

மாநில அரசியல் சாசனமே இந்த உரிமையைக் காக்கிறது என்று 2019-இல் கான்சஸ் உச்ச நீதிமன்றம் சொல்லியிருந்தது. அதை இல்லாமல் ஆக்க அந்தச் சாசனத்தைத் திருத்தலாமா என்பதுதான் ஓட்டுக்கு விட்ட கேள்வி. அதற்குத் தேர்ந்தெடுத்த நாளைப் பாருங்கள், கட்சிகள் தங்கள் வேட்பாளரைத் தேர்ந்தெடுக்கும் ஆகஸ்ட் பிரைமரி! கோடை விடுமுறை, கொளுத்தும் வெயில், பெரும்பாலும் கட்சிக்காரர்கள் மட்டும் எட்டிப்பார்க்கும் தேர்தல். 2018 பிரைமரிக்கு வந்தவர்கள் நாலரை லட்சம் சொச்சம்தான்.

நம்மவர்களில் குடியுரிமை வாங்கிய பலரும் எந்தக் கட்சியிலும் பதியாதவர்கள். "பிரைமரியா? அது நமக்கு இல்லையே" என்று வாசலிலேயே பேச்சை முடித்துவிடுவார்கள். கட்சி சாராதவர்களும் இந்த ஒரு கேள்விக்கு ஓட்டுப் போடலாம் என்பதை விளக்கவே பாதி நேரம் போனது. மீதி நேரம் கேள்வியை விளக்கப் போனது. 'ஆம்' போட்டால் உரிமை போகும், 'இல்லை' போட்டால் இருக்கும். மாமி ஒருவர், முன்கூட்டியே தரும் மாதிரி ஓட்டுச்சீட்டைக் கண்ணாடி போட்டுக்கொண்டு இரண்டு முறை படித்துவிட்டு, "உரிமை வேணும்னா ஆம்னுதானேம்மா போடணும்?" என்று கேட்டார். படித்தவர், விவரமானவர். அவருக்கே அப்படி. இதில் வாக்குப்பதிவுக்கு முந்தைய நாள், 'ஆம் போட்டால் பெண்களுக்கு உரிமை கிடைக்கும்' என்ற பொருளில் பலருக்குப் பொய்யான குறுஞ்செய்தி வேறு வந்தது. அந்த ஆத்திரம் எனக்கு இன்னும் அடங்கவில்லை.

பக்கத்துத் தெருவில் எழுபது வயது தாண்டிய வெள்ளைக்காரப் பாட்டி ஒருவர். ஞாயிறு தவறாமல் சர்ச்சுக்குப் போகிறவர், ஆயுசுக்கும் ரிபப்ளிகன். கதவை மூடிவிடுவார் என்றுதான் நினைத்தேன். உள்ளே கூப்பிட்டு உட்காரவைத்தார். "என் மகளுக்கு நாலாம் மாதத்தில் கரு கலைந்தது. ரத்தம் நிற்கவில்லை. டாக்டர் உடனே செய்ய வேண்டியதைச் செய்தார். வக்கீலைக் கேட்டுவிட்டு வருகிறேன் என்று போகவில்லை" என்றார். பல வருஷமாகப் பிரைமரிக்கே போகாதவர் இந்த முறை போனார். கூட்டிப்போனவர் என் கணவர். அவருக்கு ஓட்டு இல்லை, ஹெச்1பி விசாதான். அன்று முழுக்கக் கார் ஓட்டினார்.

36 சதவீதம் பேர் வருவார்கள் என்று மாநில அரசு கணித்திருந்தது. வந்தவர்கள் ஏறக்குறைய 47 சதவீதம், ஒன்பது லட்சத்துக்கும் மேல். 'இல்லை' 59 சதவீதம். 'ஆம்' பக்கமும் மூன்றரை லட்சத்துக்கு மேல் வந்தார்கள், அவர்களும் மனதார நம்பி வந்தவர்கள்தான். தீர்ப்பு மட்டும் வந்திருந்தால் பொருமிவிட்டு வீட்டில் இருந்திருப்போம். ஆறு வாரத்துக்குள்ளேயே பதில் சொல்ல ஒரு நாளும் ஒரு சீட்டும் இருந்தது, அதனால் வந்தோம் என்பது என் எண்ணம்.

கொலம்பஸ், ஒஹாயோ

அக்கா, எங்களுக்கும் அதே ஆகஸ்ட்தான். யாரும் வருவதில்லை என்று சொல்லி ஆகஸ்ட் சிறப்புத் தேர்தல்களையே பெரும்பாலும் நிறுத்த 2023 தொடக்கத்தில் எங்கள் சட்டசபையில் சட்டம் போட்டார்கள். கொஞ்ச நாளிலேயே அவர்களே ஒன்று வைத்தார்கள். அரசியல் சாசனத்தைத் திருத்த இனி 60 சதவீதம் வேண்டும் என்பது கேள்வி. சீட்டில் கருக்கலைப்பு என்ற சொல்லே இல்லை. ஆனால் நவம்பரில் வரப்போகும் கருக்கலைப்பு உரிமை ஓட்டுக்குப் போடும் தடை இது என்று வரிசையில் நின்ற எல்லோருக்கும் தெரிந்திருந்தது. மோர்ஸ் ரோடு மையத்தில் முன்கூட்டியே போடப் போனேன், வரிசை வெளியே வந்து வளைந்து நின்றது. முந்தைய ஆகஸ்ட்டில் பத்து சதவீதம்கூடத் தேறவில்லை. இந்த முறை முப்பது லட்சம் பேர். தடை தோற்றது. நவம்பரில் உரிமை ஏறத்தாழ 57 சதவீதத்தோடு சாசனத்தில் ஏறியது.

சாண்ட்லர், அரிசோனா

இந்த அலை கருக்கலைப்பு உரிமையை ஆதரிக்கும் டெமாக்ரடிக் கட்சியைத் தூக்கிவிடும் என்று நினைப்பவர்கள் எங்கள் ஊரையும் பார்க்கவேண்டும். கருக்கலைப்பை ஏறக்குறைய முழுக்கத் தடுக்கும் 1864-ஆம் வருஷச் சட்டம் செல்லும் என்று 2024 ஏப்ரல் 9-இல் எங்கள் மாநில உச்ச நீதிமன்றம் சொன்னது. அப்போது அரிசோனா ஒரு மாநிலமே இல்லை, பெண்களுக்கு ஓட்டும் இல்லை. அந்த வாரம் உரிமையை நவம்பர் ஓட்டுக்கு விடக் கேட்டு நூலக வாசலில் கையெழுத்து வாங்கும் மேசைக்குப் போனால், நாங்கள் கூப்பிடாமலே ஜனங்கள் வந்து பேனாவை எடுத்தார்கள். மொத்தம் எட்டு லட்சம் கையெழுத்துக்கு மேல் சேர்ந்தது. சட்டசபையும் பயந்துபோய் மே மாதமே பழைய சட்டத்தை ரத்து செய்தது. நவம்பரில் உரிமைக்கு 61 சதவீதத்துக்கு மேல் கிடைத்தது. அதே சீட்டில் டிரம்ப்பும் ஜெயித்தார். ஒட்டுமொத்த வாக்குப்பதிவோ 2020-ஐவிடச் சற்றுக் குறைவு. எங்கள் எதிர் வீட்டுப் பெண் மேசையில் கையெழுத்துப் போட்டவர், தோட்டத்தில் டிரம்ப் பலகையும் வைத்திருந்தார். கேட்டதற்கு, "அது வேறு, இது வேறு. விலைவாசியைப் பார்த்தாயா?" என்றார்.

வ்ரோட்ஸ்வாஃப், போலந்து

நான் மாணவன், இங்கே ஓட்டு இல்லை. ஆனால் 2023 அக்டோபர் 15 இரவு யகோட்னோ பகுதி வரிசையில் என் அறைத்தோழனோடு நின்றேன். 2020 அக்டோபரில் போலந்தின் அரசியல் சாசனத் தீர்ப்பாயம், கருவுக்குக் கடுமையான குறைபாடு இருந்தாலும் கலைக்கக்கூடாது என்று சொல்லியிருந்தது. அடுத்த வருஷம் ப்ஷ்சினா நகரில் முப்பது வயதுப் பெண் ஒருவர், கருவின் இதயத்துடிப்பு நிற்கட்டும் என்று மருத்துவமனையில் காக்கவைக்கப்பட்டு, ரத்தத்தில் கிருமி பரவி இறந்துபோனார். 2012-இல் அயர்லாந்தில் நம் இந்தியப் பல் மருத்துவர் சவிதாவுக்கு நடந்த அதே கொடுமை. வரிசையில் நின்ற பெண்கள் பேச்சில் அந்த ப்ஷ்சினா பெண் திரும்பத் திரும்ப வந்தார்.

ஒன்பது மணிக்கு வாக்குப்பதிவு முடியவேண்டும். அதற்குள் வரிசையில் வந்துவிட்டவர்கள் போடலாம். குளிரில் குடியிருப்புக்காரர்கள் டீயும் பீட்ஸாவும் கொண்டுவந்து கொடுத்தார்கள். கடைசி ஆள் போட்டு முடிக்கக் கிட்டத்தட்ட அதிகாலை மூன்று மணி. நாடு முழுக்க 74 சதவீதம், 1989-க்குப் பிறகு அதுவரை அப்படி வந்ததில்லை. முப்பது வயதுக்குக் கீழே உள்ளவர்களில் 2019-இல் பாதிப் பேர்கூட வரவில்லை, இந்த முறை மூன்றில் இரண்டு பங்குக்கு மேல்.

ஆட்சி மாறியது. சட்டம் மாறவில்லை. கருக்கலைப்புக்கு உதவுகிறவர்களுக்குத் தண்டனையை நீக்கும் மசோதா 2024 ஜூலையில் 215-க்கு 218 என்று தோற்றது, ஆளும் கூட்டணிக்குள்ளேயே பிளவு. அன்று மூன்று மணி வரை நின்ற என் தோழனின் தங்கை, அடுத்த தேர்தலில் கட்சியைப் பார்க்கமாட்டேன், இந்த மசோதாவுக்கு யார் எப்படிப் போட்டார்கள் என்ற பட்டியலைப் பார்த்துத்தான் போடுவேன் என்கிறாள்.