எமுலேட்டருக்குப் பணம் கொடுத்தீர்களா? உங்கள் அனுபவத்தைப் பகிருங்கள்

நெகிழ்வட்டு

எமுலேட்டர் என்பது ஒரு கருவிக்கென எழுதிய விளையாட்டுகளை வேறொரு கருவியில் ஓட்டும் மென்பொருள் என்பது இங்கே எல்லாருக்கும் தெரியும் என்பதால் நேரே செய்திக்கு வருகிறேன். சூப்பர் நின்டெண்டோ என்ற பழைய விளையாட்டுக் கருவியின் விளையாட்டுகளைக் கைப்பேசியில் ஓட்டும் செயலி ஒன்றைச் சில ஆண்டுகளுக்கு முன் காசு கொடுத்து வாங்கினேன். நன்றாகவே ஓடிக்கொண்டிருந்த அது, ஒரு நாள் இடையில் நின்றுபோய்ப் பிழைச்செய்தி ஒன்றைத் திரையில் கொட்டியது. அந்த வரிகளுக்கு நடுவே ‘ஸ்நெஸ்9எக்ஸ்’ என்ற இலவச எமுலேட்டரின் பெயர் இருந்தது. செயலியின் ‘எங்களைப் பற்றி’ பக்கத்தில் தேடிப் பார்த்தேன். அந்தப் பெயர் எங்குமே இல்லை.

பலர் கூலி வாங்காமல் எழுதி வளர்த்த அந்த எமுலேட்டரின் உரிமம், சொந்தப் பயன்பாட்டுக்கு இலவசம், அனுமதியின்றி விற்கக் கூடாது என்று தெளிவாகவே சொல்கிறது. பெயர்ப்பலகையைக் கழற்றிவிட்டு அடுத்தவர் வீட்டை வாடகைக்கு விட்டவரிடம் நான் முன்பணம் கொடுத்து ஏமாந்திருக்கிறேன். தொகை சிறியதுதான், இருந்தும் அந்தப் பிழைச்செய்தி இன்னும் கண்முன் நிற்கிறது. இலவச எமுலேட்டரை விற்பது திருட்டு என்பதே என் முடிவு.

பொன்னிறப் படவுரு

நான் ஏமாறவில்லை, தெரிந்தே கொடுத்தேன். சோனியின் பிஎஸ்பி கையடக்கக் கருவியின் விளையாட்டுகளை ஓட்டும் பிபிஎஸ்எஸ்பிபி எமுலேட்டர் இலவசமாகவே கிடைக்கிறது. அதன் ‘கோல்டு’ பதிப்புக்கு மட்டும் விலை உண்டு. வாங்கி நிறுவியபின் என்ன கூடியிருக்கிறது என்று ஒவ்வொரு அமைப்பாகத் திறந்து தேடினேன். அதே ஆட்டம், அதே வேகம். படவுருவின் நிறம் மட்டும் பொன்னாக மாறியிருந்தது. அது ஆதரவுத் தொகை என்பதை அவர்கள் மறைக்கவில்லை, நான்தான் சரியாகப் படிக்கவில்லை. ஒரு நிமிடம் அசடு வழிந்தாலும், மூன்று ஆண்டுகளாகச் சும்மா விளையாடியதற்கு அது நியாயமான கூலி என்று பட்டதால் திருப்பிக் கேட்கவில்லை.

மூன்றாம் பொத்தான்

முதலில் எழுதிய நண்பரின் கோபம் புரிகிறது, முடிவுதான் தவறு. நான் முன்பே வட்டில் வைத்திருந்த டாஸ் என்ற பழைய இயங்குதளத்துக்கான சாகச விளையாட்டு ஒன்றை, கணினியில் வட்டியக்கி இல்லாத காரணத்தால் கோக் என்ற இணைய விளையாட்டுக் கடையில் மறுபடி வாங்கினேன். கோப்புறையைத் திறந்தால் உள்ளே டாஸ் விளையாட்டுகளை ஓட்டும் டாஸ்பாக்ஸ் எமுலேட்டர் இருந்தது. கூடவே அதன் உரிம உரையும், ஆக்கியவர்களின் பெயர்களும் இருந்தன. ஒளிக்கவும் இல்லை, மறுக்கவும் இல்லை. என் கதை இவ்வளவுதான்.

இதிலிருந்து சிலவற்றைச் சொல்லியாக வேண்டும். டாஸ்பாக்ஸ் ஜிபிஎல் என்ற திறந்த மூல உரிமத்தில் வருவது. அந்த உரிமம் விற்பனையைத் தடுப்பதில்லை, மூலநிரலைத் தரவும் ஆக்கியவரின் பதிப்புரிமைக் குறிப்பைக் காக்கவும் கட்டாயப்படுத்துகிறது. காசு போட்டு ஆடும் ஆர்கேட் இயந்திரங்களின் விளையாட்டுகளை ஓட்டும் மேம் எமுலேட்டரோ 1997இல் தொடங்கி நெடுங்காலம் வணிகப் பயன்பாட்டைத் தடுத்து வைத்திருந்து, 2016இல்தான் திறந்த மூல உரிமத்துக்கு மாறியது. ஆகவே ஒரே செயல் ஓர் எமுலேட்டரில் குற்றமாகவும் இன்னொன்றில் உரிமையாகவும் இருக்க முடியும். காசுக்கு எமுலேட்டர் விற்பதே தவறு என்பாருக்கு இன்னொன்று: 1999இல் கனெக்டிக்ஸ் நிறுவனம் மேக்கின்டாஷ் கணினிக்கு பிளேஸ்டேஷன் எமுலேட்டரை விற்றபோது சோனி வழக்குத் தொடுத்தது, 2000இல் அமெரிக்க மேல்முறையீட்டு நீதிமன்றம், எமுலேட்டரை உருவாக்குவதற்காக, கருவியைத் தொடக்கி இயக்கும் உள்மென்பொருளான பயாஸை நகலெடுத்து ஆராய்ந்தது நியாயமான பயன்பாடே என்று தீர்ப்பளித்தது. பின்னர் சோனி அந்த மென்பொருளையே விலைக்கு வாங்கி நிறுத்திவிட்டது என்பது வேறு கதை. எனவே வாங்கும்முன் உரிமத்தைப் படியுங்கள், மூலநிரல் எங்கே என்று கேளுங்கள், ஆக்கியவர் பெயர் இல்லையென்றால் விலகிவிடுங்கள். பயாஸ் கோப்பையும் உங்கள் சொந்தக் கருவியிலிருந்தே எடுங்கள்.

மாதச் சந்தா

மேலே உள்ளவர் சட்டத்தைச் சொன்னார். என்னை உறுத்துவது சட்டமன்று. யுசு எமுலேட்டரின் முன்வெளியீடுகளைப் பெறுவதற்காக மாதந்தோறும் தொகை செலுத்தி வந்தேன். பழைய விளையாட்டுகளைக் காக்கும் கலைக்கு உதவுகிறோம் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். உண்மையில் அது ஓட்டியது அப்போது கடையில் விற்றுக்கொண்டிருந்த நின்டெண்டோ ஸ்விட்ச் கருவியின் விளையாட்டுகளை. 2023 மே மாதம், செல்டா வரிசையின் புதிய விளையாட்டு வெளியாகும் நாளுக்கு முன்பே கசிந்தது, நானும் பதிவிறக்கினேன். தலைப்புத் திரை தோன்றிய நொடியில், கடையில் இன்னும் வைக்கப்படாத ஒன்றைக் கையில் பிடித்திருக்கிறேன் என்று உறைத்தது. ‘காக்கும் கலை’ என்ற சொல்லை அதன்பின் என்னால் வாய்கூசாமல் சொல்ல முடியவில்லை. 2024 பிப்ரவரியில் யுசுவை ஆக்கியவர்கள் மேல் நின்டெண்டோ வழக்குத் தொடுத்தது. மார்ச்சில் 24 இலட்சம் டாலர் தருவதாக ஒப்புக்கொண்டு அவர்கள் கடையைக் கட்டினார்கள். அந்தத் தொகையில் என் சந்தாவும் ஏதோ ஒரு மூலையில் இருந்திருக்கும்.

மூன்றாம் பொத்தான்

கசிந்த விளையாட்டைப் பதிவிறக்கியது நீங்கள். பழியை எமுலேட்டர் மேல் போடுகிறீர்கள்.

மாதச் சந்தா

என் மேல்தான் போட்டிருக்கிறேன். மறுபடி படியுங்கள்.

இரண்டாம் கை

எமுலேட்டரும் விளையாட்டுகளும் முன்பே நிரப்பிய நினைவட்டையோடு வரும் கையடக்கக் கருவி ஒன்றை வாங்கினேன். ஆயிரக்கணக்கான விளையாட்டுகள்; அவற்றை எழுதியவர்களுக்கோ எமுலேட்டரை எழுதியவர்களுக்கோ நான் கொடுத்த பணத்தில் ஒரு காசும் போயிருக்காது. வாங்கும்போதே அது தெரியும். பலவற்றைக் காசு கொடுத்து வாங்க இன்று வழியே இல்லை என்று சொல்லி மனத்தைச் சமாதானப்படுத்திக்கொண்டேன். அமெரிக்காவில் 2010க்கு முன் வெளியான விளையாட்டுகளில் 87 விழுக்காடு இப்போது விற்பனையில் இல்லை என்று காணொளி விளையாட்டு வரலாற்று அறக்கட்டளை 2023இல் ஆய்வு வெளியிட்டிருக்கிறது. அந்தக் கணக்கை நானும் பலரிடம் கேடயமாக நீட்டியிருக்கிறேன்.

ஆனால் அதில் ஒரு சாகச விளையாட்டைத் திறந்தபோது, சேமிப்பின் முதல் இடத்தில் ஏற்கெனவே ஓர் ஆட்டம் இருந்தது. யாரோ தம் பெயரைக் குழந்தைத்தனமாக, எழுத்து மாறிப் பதித்து, நாற்பது மணி நேரம் விளையாடி, கடைசிக் கோட்டையின் வாசலில் நிறுத்தியிருந்தார். கோப்புகள் எல்லாம் ஆகாயத்திலிருந்து விழுந்தவை போல அதுவரை எண்ணியிருந்தேன்.

நெகிழ்வட்டு

எல்லா விற்பனையையும் திருட்டு என்றது அவசரம். உரிமத்தைப் பொறுத்தது என்பதை ஏற்கிறேன். பெயரை அழித்தது மட்டும் எனக்கு இன்னும் ஆறவில்லை. இரண்டாம் கை நண்பரே, அந்தச் சேமிப்பை அழித்துவிட்டீர்களா?

இரண்டாம் கை

இல்லை. இரண்டாம் இடத்தில் என் ஆட்டத்தைத் தொடங்கினேன்.