சர்வோ, ஸ்டெப்பர், கார்டு: நம்ம வேலூர் பக்கம் பட்ட அனுபவங்கள்

காட்பாடி கதவுக்கடை:

கதவில் டிசைன் செதுக்குகிற சிஎன்சி மெஷினில் (கம்ப்யூட்டர் சொல்படி வெட்டுவது) மூன்று அச்சிலும் ஸ்டெப்பரைக் (பல்ஸுக்கு ஒரு படி என்று சுற்றும் மோட்டார்) கழற்றிவிட்டு 750 வாட் ஏசி சர்வோ (தன் நிலையைப் பார்த்துச் சரிசெய்துகொண்டே ஓடும் மோட்டார்) போட்டோம். எவ்வளவு ஆச்சு என்பதெல்லாம் இங்கே இருப்பவர்களுக்குத் தெரியும். தை பிறந்தால் கிரகப்பிரவேச ஆர்டர் குவியும், அதற்குள் வேகம் கூடினால் போதும் என்று செய்தது. மோட்டாருக்குப் பல்ஸ் (ஓடச் சொல்லும் மின் துடிப்பு) அனுப்பும் கார்டை மட்டும் மாற்றவில்லை. அதே பழைய கம்ப்யூட்டர், அதன் பேரலல் போர்ட் (பழைய பிரிண்டர் சாக்கெட்), மெஷினை ஓட்டும் மாக்3 சாஃப்ட்வேர்.

வயரிங் முடித்து ஜாக் பண்ணினால் (பட்டனை அழுத்தி நகர்த்திப் பார்த்தால்) கேன்ட்ரி (வெட்டும் தலையைத் தாங்கும் பாலம்) ஊர்கிறது. ஸ்டெப்பரில் நிமிடத்துக்கு 3000 மி.மீ. ஓடிய மெஷின், சர்வோவில் 750-ஐத் தாண்டவே இல்லை. தேக்கு நிலைக்கு அளவு கொடுக்க வந்த ஆசாரி பக்கத்தில் நின்று பார்த்துக்கொண்டிருந்தார். "இதுக்கா தம்பி இவ்ளோ செலவு? பழசே நல்லாத்தானே ஓடிச்சு" என்றார். மோட்டாரைப் போட்டுக் கொடுத்தவர் அந்தப் பக்கமே திரும்பாமல், "ஓட ஓட ஃப்ரீ ஆயிடும் சார்" என்கிறார். சர்வோ என்ன புது பைக்கா, ஓடி ஓடி ஃப்ரீ ஆக?

அப்புறம் வேறொருவர் வந்து டிரைவில் (மோட்டாருக்குக் கரண்ட் கொடுத்து ஓட்டும் பெட்டி) ஒரே ஒரு எண்ணை மாற்றினார், ஓடியது. ஆனால் எனக்கு இன்னும் ஆறவில்லை. விற்றவர், மாட்டியவர் இரண்டு பேருமே "உங்க கார்டு எத்தனை கிலோஹெர்ட்ஸ் கொடுக்கும்?" என்று ஒரு வார்த்தை கேட்கவில்லை.

சிப்காட் மெயின்டனன்ஸ், ராணிப்பேட்டை:

"ஒரே ஒரு எண்" என்று சொல்லிவிட்டுப் போனால் படிக்கிறவர்களுக்கு என்ன தெரியும் அண்ணே? மாக்3 பேரலல் போர்ட்டில் சாதாரணமாக வைத்திருப்பது 25 கிலோஹெர்ட்ஸ், அதாவது நொடிக்கு 25,000 பல்ஸ். பல சர்வோ டிரைவ்கள் ஒரு சுற்றுக்கு 10,000 பல்ஸ் என்ற செட்டிங்கோடு வரும். அப்போ நொடிக்கு இரண்டரை சுற்றுதான். ஒரு சுற்றுக்கு 5 மி.மீ. நகர்த்தும் பால்ஸ்க்ரூ (அச்சை நகர்த்தும் திருகுத் தண்டு) என்றால் நொடிக்கு 12.5 மி.மீ., நிமிடத்துக்கு 750. உங்கள் மெஷின் கணக்கு பிசகாமல்தான் ஓடியிருக்கிறது.

டிரைவில் எலக்ட்ரானிக் கியர் என்ற செட்டிங்கை மாற்றி ஒரு சுற்றுக்கு 2000 பல்ஸ் என்று வைத்தால் அதே கார்டில் 3750 வரும், ஒரு பல்ஸுக்கு 0.0025 மி.மீ. கதவுக்கு அதுவே தாராளம். 1000 பல்ஸ் என்றால் 7500. ஆனால் நிஜமான தீர்வு இதுவல்ல. அந்த மோட்டாரின் 3000 ஆர்பிஎம் முழுவதும் 10,000 பல்ஸிலேயே வேண்டுமென்றால் 500 கிலோஹெர்ட்ஸ் தேவை. அதற்கு ஈதர்நெட் மோஷன் கார்டு (நெட்வொர்க் கேபிளில் இணையும் பல்ஸ் கார்டு), டிஃபரன்ஷியல் லைன் டிரைவர் அவுட்புட்டோடு (ஒரு சிக்னலை இரண்டு வயரில் எதிரெதிராக அனுப்புவது). பல டிரைவ்கள் ஓபன் கலெக்டரில் (சாதா ஒற்றை வயர் சிக்னல்) 200 கிலோஹெர்ட்ஸுக்கு மேல் எடுக்காது. மாக்3-இன் பேரலல் போர்ட் டிரைவர் சாஃப்ட்வேர் 64 பிட் விண்டோஸில் ஓடவும் ஓடாது. அந்தக் கம்ப்யூட்டர் படுத்தால் அதே வயசு கம்ப்யூட்டரைத் தேடி அலைய வேண்டும்.

என் கதை சின்னது. ஒரு ஃபீடருக்கு (பொருளைத் தள்ளிக் கொடுக்கும் மெஷின்) சர்வோ போட பிஎல்சி (மெஷினைக் கட்டுப்படுத்தும் சின்னக் கம்ப்யூட்டர்) கேட்டோம். பர்ச்சேஸில் விலை பார்த்து ரிலே அவுட்புட் மாடலை வாங்கி அனுப்பிவிட்டார்கள். பல்ஸ் கமாண்ட் கொடுத்ததும் பிஎல்சிக்குள் டக் டக் டக் என்று ரிலே தட்டுகிறது. ரிலே மெதுவான ஸ்விட்ச், வேகமான பல்ஸ் அதற்கு வராது; சர்வோ அசையவில்லை. சூப்பர்வைசர் காதைக் கிட்டே வைத்து, "வேலை செய்யுதுப்பா, சத்தம் கேக்குதே" என்றார்.

ஆம்பூர் மோல்டு:

எல்லாரும் சர்வோ சர்வோ என்கிறீர்கள். ஷூ சோலுக்கு அலுமினியம் மோல்டு வெட்டுகிற எனக்கு குளோஸ்டு லூப் ஸ்டெப்பரே போதும். சாதா ஸ்டெப்பரில் டூல் ஒரு இடத்தில் இடறினாலும் கன்ட்ரோலருக்குத் தெரியாது, மீதி வேலை முழுக்கத் தள்ளிப்போய் நிற்கும். மோட்டாரின் பின்னால் என்கோடர் (எவ்வளவு சுற்றியது என்று சொல்லும் சென்சார்) இருந்தால் டிரைவே பார்த்துச் சரிசெய்யும், முடியாவிட்டால் அலாரம் போட்டு நிற்கும்.

அந்த அலாரத்தில்தான் விஷயம். ரெட்ரோஃபிட் பண்ணிக் கொடுத்தவர் (பழைய மெஷினில் புது மோட்டார் மாட்டியவர்) அலாரம் வயரைச் சுருட்டி டேப் ஒட்டி பேனலுக்குள் செருகிவிட்டுப் போயிருந்தார். ஒரு மத்தியானம் எக்ஸ் டிரைவில் சிவப்பு விளக்கு. எக்ஸ் நின்றுவிட்டது. கார்டுக்குத் தெரியாதே, ஒய்யும் இசட்டும் பாட்டுக்கு ஓடுகின்றன. ஃபினிஷிங் முடிகிற கட்டத்தில் இருந்த மோல்டின் குறுக்கே நேர்கோடாக ஒரு வாய்க்கால் வெட்டிக்கொண்டு போகிறது, நான் எமர்ஜென்சியை நோக்கி ஓடுகிறேன். அந்த மோல்டு இன்னும் ஷெல்ஃபில் இருக்கிறது, வருகிறவர்கள் எல்லாம் இதென்ன டிசைன் என்று கேட்கிறார்கள்.

கார்டு வாங்கும்போது வேகம் மட்டும் பார்க்காதீர்கள். ஒவ்வொரு டிரைவின் அலாரத்துக்கும் இன்புட் மிச்சம் இருக்கிறதா என்று எண்ணிப் பாருங்கள்.

குடியாத்தம் எம்:

மேலும் கீழும் போகும் இசட் அச்சுக்கு பிரேக் இல்லாத சர்வோ. கரண்ட் போச்சு. ஸ்பிண்டில் (டூலைச் சுற்றும் மோட்டார்) தன் எடையில் சரசரவென்று இறங்கி பிளேட்டில் குத்தி நின்றது. பால்ஸ்க்ரூ பிடித்துக்கொள்ளும் என்று சொன்ன மகராசன் எங்கிருந்தாலும் வாழ்க. இசட்டுக்கு பிரேக் மோட்டார் கேளுங்கள், அவ்வளவுதான்.

வாலாஜா பெரியவர்:

நானும் ஒன்று பார்த்தேன். ஒரு பையன் டிரைவ் ஆனில் இருக்கும்போதே ஸ்டெப்பர் கனெக்டரைப் பிடுங்கினான், பட்டென்று ஒரு சத்தம், டிரைவ் காலி. அவன் கனெக்டரைக் கையில் வைத்துக்கொண்டு அப்படியே நின்றான்.

சரி, இளைஞர்கள் கேட்காவிட்டாலும் சொல்கிறேன். ஸ்டெப்பர் வாங்கும்போது 8.5 நியூட்டன் மீட்டர் என்று கேட்டலாக்கில் பார்த்து மயங்காதீர்கள். அது நிற்கும்போது பிடிக்கிற முறுக்குவிசை, வேகம் ஏற ஏற இறங்கிவிடும். 750 வாட் சர்வோவில் 2.39 என்றுதான் போட்டிருப்பான், ஆனால் அதை 3000 ஆர்பிஎம் வரை கொடுப்பான். ஸ்டெப்பரில் வேகம் வேண்டுமென்றால் காயிலின் இண்டக்டன்ஸ் (கரண்ட் சட்டென்று மாறுவதைத் தடுக்கும் குணம், அளவு மில்லிஹென்றி) குறைவாகவும் சப்ளை வோல்டேஜ் அதிகமாகவும் இருக்க வேண்டும். மில்லிஹென்றியின் வர்க்கமூலத்தை 32-ஆல் பெருக்கினால் வருவது அந்த மோட்டாருக்குக் கொடுக்கக்கூடிய வோல்டேஜுக்கு ஓர் உச்ச வரம்பு. 4 மில்லிஹென்றி என்றால் 64 வோல்ட். ஆனால் டிரைவ் எவ்வளவு தாங்கும் என்பது தனிக் கணக்கு. டிஎம்542 மாதிரி 50 வோல்ட் வரை தாங்கும் ஸ்டெப்பர் டிரைவுக்கு 48 கொடுத்து விளிம்பில் நிறுத்த வேண்டாம். மோட்டார் சட்டென்று வேகம் குறையும்போது கரண்ட் திரும்பி வரும், சப்ளை வோல்டேஜ் ஏறும். 36 வையுங்கள். எஸ்எம்பிஎஸ் பவர் சப்ளை அந்த நேரத்தில் ட்ரிப் ஆகிறது என்றால் டொராய்டல் ட்ரான்ஸ்ஃபார்மர், பிரிட்ஜ் ரெக்டிஃபையர், பெரிய கெபாசிட்டர் என்று போய்விடுங்கள். இன்னொன்று, கன்ட்ரோலர் 24 வோல்ட் சிக்னல் கொடுத்து டிரைவ் 5 வோல்ட் கேட்டால் ஒவ்வொரு லைனிலும் 2 கிலோ ஓம் ரெசிஸ்டர் சீரிஸில் போட வேண்டும். இல்லாவிட்டால் டிரைவில் சிக்னலை வாங்கும் ஆப்டோ (ஒளி வழியாகக் கடத்தும் சிப்) எரியும். டிரைவிலுள்ள சின்ன டிஐபி ஸ்விட்சில் ஐடில் கரண்டைப் (மோட்டார் சும்மா நிற்கும்போது ஓடுவது) பாதியாக வைத்தால் மோட்டார் சூடு குறையும், நம் ஊர் மே மாத வெயிலில் இது ரொம்ப முக்கியம்.

ஆம்பூர் மோல்டு:

ஐயா, நல்ல தகவல், ஆனால் கதவுக்கடைக்காரர் ஸ்டெப்பரைக் கழற்றியே விட்டாரே. அவருக்கு இண்டக்டன்ஸ் எதற்கு?

வாலாஜா பெரியவர்:

அவருக்கு மட்டும் எழுதவில்லை தம்பி.

சோளிங்கர் நைட் ஷிஃப்ட்:

எங்கள் மெஷினில் எந்த மோட்டார் என்பது பிரச்சினையே இல்லை. ஸ்பிண்டிலை ஆன் பண்ணினால் போதும், "லிமிட் ஸ்விட்ச்" (அச்சு ஓரத்தைத் தொட்டால் மெஷினை நிறுத்துவது) என்று காட்டி நின்றுவிடும். ஆஃப் பண்ணினால் ஒழுங்காக இருக்கும். முதலாளி ஸ்விட்சை மாற்றச் சொன்னார், மாற்றினோம், அதே கதை. ராத்திரி ஒரு பையன் டிஃபன் பார்சல் வந்த ஃபாயிலை எடுத்து லிமிட் கேபிளைச் சுற்றிக்கொண்டிருக்கிறான். கேட்டால், "போனை ஃபாயில்ல சுத்துனா டவர் போகுதில்லண்ணா" என்கிறான். சிரித்தேன், ஆனால் அவன் யோசித்த திசை சரி.

2.2 கிலோவாட் விஎஃப்டி (ஸ்பிண்டில் வேகத்தை மாற்றும் பெட்டி) கேபிளும் லிமிட் கேபிளும் ஒரே கேபிள் செயினில் உரசிக்கொண்டு போயின, அதன் மின் இரைச்சல் லிமிட் கேபிளில் ஏறியது, போதாததற்கு பிரேக்அவுட் போர்டில் (வயர்களை இணைக்கும் போர்டு) 5 வோல்ட் இன்புட். விஎஃப்டிக்கு ஷீல்டு கேபிள் போட்டுத் தனியாகப் பிரித்தோம், 24 வோல்ட் ஆப்டோ இன்புட் உள்ள கார்டு மாற்றினோம், அந்தத் தொல்லை நின்றது. ஷீல்டை டிரைவ் பக்கம் மட்டும் எர்த் பண்ணணுமா, இரண்டு பக்கமுமா என்று எங்கள் எலெக்ட்ரீஷியனுக்கும் எனக்கும் இன்னும் தகராறு. விஎஃப்டி கேபிளுக்கு நான் இரண்டு பக்கமும் என்கிறேன், லிமிட் வயருக்கு ஒரு பக்கம் மட்டும். ராணிப்பேட்டை சார், உங்கள் பிளான்டில் எப்படிச் செய்கிறீர்கள்?