தங்கவயலின் பழைய கட்டடங்களுக்குள் போவது தப்பா?

செங்கல்தேடி:
ஆளில்லாத பழைய கட்டடங்களைத் தேடிப் போய்ப் பார்ப்பதுதான் என் ஞாயிற்றுக்கிழமை வேலை. போன மாதம் பெங்களூரிலிருந்து கோலார் தங்கவயல் போனேன். 2001 பிப்ரவரி 28 அன்று மூடிய சுரங்கம். ஒரு இன்ஜின் அறையில், சுரங்கத்துக்குள் ஆட்கள் போய்வந்த கூண்டை ஏற்றி இறக்கிய கம்பிவடம் சுற்றும் உருளை ஆள் உயரத்துக்கு மேல் துருப்பிடித்து நிற்கிறது. சாம்பியன் ரீஃப் சுரங்கம் மூன்று கிலோமீட்டருக்கும் அதிகமான ஆழம் என்று படித்தபோது ஒன்றும் தோன்றவில்லை. அந்த உருளை முன்னால் நின்றபோது வயிற்றைக் கலக்கியது. எதையும் எடுக்கவில்லை. ஆனால் படங்களைப் பார்த்த நண்பர் ‘இதுவும் திருட்டுதான்’ என்கிறார். நீங்கள் என்ன சொல்கிறீர்கள்?

சட்டம்பேசி:
முதலில் இதைச் சொல்லுங்கள். கதவு திறந்திருந்ததா, பூட்டியிருந்ததா? இந்தியத் தண்டனைச் சட்டத்துக்குப் பதிலாக வந்த பாரதிய நியாய சன்ஹிதாவின் 329-ஆவது பிரிவில் குற்ற அத்துமீறலுக்கு மூன்று மாதம் வரை சிறை, அல்லது 5,000 ரூபாய் வரை அபராதம், அல்லது இரண்டும்.

செங்கல்தேடி:
குற்றம் செய்யவோ, மிரட்டவோ, அவமதிக்கவோ, தொல்லை கொடுக்கவோ நோக்கம் இருந்தால்தான் அந்தப் பிரிவு பொருந்தும் சார். படம் எடுப்பது இதில் எதில் வரும்? நாளைக்கு இதெல்லாம் பழைய இரும்புக் கடைக்குப் போகும். அப்போது என் படமாவது மிஞ்சும்.

சைட்இன்ஜினியர்:
சட்டம் இருக்கட்டும், தலைக்கு மேலே பார்த்தீர்களா? பழைய கட்டடங்கள் பலவற்றில் மெட்ராஸ் டெரஸ் கூரைதான். தேக்கு உத்தரம், அதன் மேல் செங்குத்தாக அடுக்கிய செங்கல், சுண்ணாம்புக் கலவை. உத்தரத்தின் நுனி சுவருக்குள் புதைந்திருக்கும். ஈரம் அங்கேதான் தங்கும், கரையானும் அங்கேதான் பிடிக்கும். கீழேயிருந்து பார்த்தால் மரம் கிண்ணென்று இருக்கும், நுனி மாவாகியிருக்கும். மழை முடிந்த மாதங்களில் நான் அந்த மாதிரிக் கூரை மேல் ஏறவே மாட்டேன். சுரங்க வாய் பக்கம் இன்னும் மோசம். காற்றோட்டம் நின்றுபோன குழியில் ஆக்சிஜன் குறைந்திருக்கும். மூச்சுத் திணறுவதுகூடத் தெரியாமல் மயங்கி விழுவார்கள். காப்பாற்ற இறங்கியவரும் திரும்பமாட்டார்.

மாரிகுப்பத்தான்:
தம்பி, நீங்கள் ஆளில்லாத ஊர் என்று படம் எடுத்த இடத்தில்தான் நான் பிறந்தேன். தாத்தா வட ஆற்காட்டிலிருந்து வந்தவர். அப்பா அண்டர்கிரவுண்டில் 26 வருஷம். 1902-லேயே சிவசமுத்திரம் காவிரி நீர்மின் நிலையத்திலிருந்து மின்சாரம் வந்த வயல் இது. ஆனால் அந்த வெளிச்சம் துரைமார் பங்களாவுக்கும் மெஷினுக்கும்தான் முதலில். எங்களுக்கு லைன் வீடு, ஒரு அறை, வாசலில் குடித்தனம். இன்னும் அந்த லைன்களில் ஜனங்கள் இருக்கிறார்கள். விடியற்காலை மாரிகுப்பத்தில் ரயிலேறி பெங்களூரு போய் வேலை பார்த்துவிட்டு ராத்திரி திரும்புகிறார்கள். உங்கள் படத்தில் அவர்கள் ஒருவரும் இல்லை. தெருவில் ஆள் நடந்தால் அவர் நகரும் வரை காத்திருந்துதானே எடுத்தீர்கள்?

அப்புறம் அந்த வெள்ளை மேடு. பின்னணிக்கு அழகாக இருக்கிறதென்று எல்லோரும் ஏறுகிறார்கள். அது சயனைட் டம்ப். தங்கம் பிரித்தெடுத்த பிறகு கொட்டிய மண். காற்றடித்தால் அந்தத் தூசு எங்கள் சோற்றில் விழும். நீங்கள் ஷூவைத் தட்டிவிட்டுக் கிளம்பிவிடுவீர்கள்.

செங்கல்தேடி:
ஆள் நகரும் வரை காத்திருந்தது உண்மைதான் அண்ணா. காலியாகத் தெரிந்தால்தான் படம் நன்றாக வரும் என்பது எங்கள் கூட்டத்துப் பழக்கம். ஆனால் ஒன்று கேட்கிறேன். தனுஷ்கோடியில் 1964 டிசம்பர் புயலில் சிதைந்த தேவாலயத்தை எத்தனை பேர் பார்க்கிறார்கள்! அங்கேயும் மீனவர்கள் குடிசை போட்டு இருக்கிறார்கள். அவர்கள் சங்குமாலை விற்கிறார்கள், யாரும் குறை சொல்வதில்லையே?

மாரிகுப்பத்தான்:
அங்கே வருகிறவன் மாலை வாங்குகிறான், இளநீர் குடிக்கிறான், நாலு வார்த்தை பேசுகிறான். எங்கள் ஊருக்கு வருகிறவன் சுவர் ஏறிக் குதித்து, பேய் பங்களா என்று வீடியோ போடுகிறான். வருவதை நான் தடுக்கவில்லை. அடுத்த முறை வந்தால் அப்பாவிடம் கூட்டிப் போகிறேன். அந்த உருளைக்கு ஷிஃப்டில் யார் யார் நின்றார்கள் என்று பேர் சொல்வார். சுரங்கத் தூசு அவர் நுரையீரலில் இருக்கிறது. அதனால் காலையில் வாருங்கள், சாயங்காலமானால் மூச்சு வாங்கும், பேச முடியாது.

செங்கல்தேடி:
வருகிறேன் அண்ணா. கேமராவை பையிலேயே வைத்துக்கொள்கிறேன், அவர் சரி என்றால் மட்டும் எடுக்கிறேன். சுரங்க வாய் பக்கம் போகமாட்டேன்.

சட்டம்பேசி:
எல்லாம் சரி. கதவு திறந்திருந்ததா என்ற கேள்விக்கு இன்னும் பதில் வரவில்லை.

செங்கல்தேடி:
ஜன்னல் திறந்திருந்தது சார்.