வாசகசாலைக்கு நூல் தேர்ந்தெடுக்க உங்கள் கருத்து தேவை

அனைவருக்கும் வணக்கம். எங்கள் ஊர் வாசகசாலைக்கு வாழ்க்கை வரலாறு, குழந்தைகளுக்கான படப்புத்தகம், தத்துவம் ஆகிய வகைகளில் நூல்கள் வாங்கும் பொறுப்பு என்னிடம் வந்திருக்கிறது. வாசகர்கள் இவற்றில் எதை விரும்புகிறார்கள் என்று அறிந்து வாங்க நினைப்பதால் உங்கள் அனுபவத்தைக் கேட்கிறேன்.

வாழ்க்கை வரலாற்றில் எனக்கு அதிக ஐயமில்லை. புகழுரையைவிட, அந்த மனிதர் வாழ்ந்த காலத்தின் அன்றாடத்தையே பலரும் தேடுகிறார்கள். உ.வே.சாமிநாதையர் 1940 முதல் ஆனந்த விகடனில் எழுதிவந்த ‘என் சரித்திரம்’, 1942இல் அவர் மறைந்ததால் முற்றுப்பெறாமல் நின்றது. ஆயினும் மீனாட்சிசுந்தரம் பிள்ளையிடம் பாடம் கேட்டதையும் ஏட்டுச்சுவடி தேடி ஊர் ஊராக அலைந்ததையும் அவர் சொல்லும் விதத்துக்காகவே அது இன்றும் வாசிக்கப்படுகிறது.

படப்புத்தகம்தான் குழப்புகிறது. எழுத்தில் இல்லாத ஒன்றை, கட்டிலுக்கடியில் ஒளிந்திருக்கும் பூனையையோ அடுப்பில் பொங்கி வழியும் பாலையோ, படத்தின் மூலையில் கண்டுபிடிக்கும்போது பிள்ளைகள் ‘இன்னொரு தரம்’ என்கிறார்கள். பெற்றோரோ கடைசிப் பக்கத்தில் நீதி இருக்கிறதா என்று புரட்டிப் பார்க்கிறார்கள். (தையல் விட்டுப்போகாத கட்டும் வேண்டும் என்பது என் தனிக் கவலை.) யாருக்காகத் தேர்ந்தெடுப்பது?

தத்துவத்தில், மூலத்தையும் உரையையும் பிரித்துக் காட்டி, கலைச்சொற்களுக்கு விளக்கம் தரும் நூல்களையே நான் நம்புவேன். புதிதாக நுழைபவருக்கு அது போதுமா என்பதைப் படித்தவர்கள்தாம் சொல்ல வேண்டும். நூலின் பெயரோடு, அதில் உங்களை ஈர்த்தது எது என்றும் ஒரு வரி எழுதினால் பேருதவியாக இருக்கும்.